கோடு தெரியுதாலே?

என் அண்ணன் எதைப் பார்த்தாலும் எண்ணெய் போடுவான். கதவுக் கீல், தையல் மெஷின், சைக்கிள் செயின், குடைக்கம்பி, மதினியின் அரிவாள்மணை, எதுவும் அவன் கைக்குத் தப்பாது. கப்பலில் அவன் வேலையே அதுதான். எஞ்சின் ரூமில் ஆயிலர். ஒன்பது மாதம் கடலில், மூன்று நான்கு மாதம் தூத்துக்குடியில். கரைக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. அவன் வீடு பீச் ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்த உப்புக்காற்றில் நேற்று வாங்கிய பூட்டு நாளைக்குத் திறக்காது. அதனால் அவன் எண்ணெய்க் கிண்ணத்தை யாரும் குறை சொன்னதில்லை.

நான் எலெக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்க்கிறவன். மீன் ஏலக்கூடம், உப்பளம், கருவாட்டுக் கடை, எல்லா இடத்துத் தராசும் என் மேஜைக்குத்தான் வரும். உள்ளே உப்பு ஏறி போர்டில் பச்சை பிடித்துவிட்டால் தராசு கண்டபடி உளறும். மூன்று கிலோ சீலா மீனை எட்டு கிலோ என்று காட்டும். சிலது எண்ணே காட்டாமல் தீக்குச்சியைக் கொட்டியது மாதிரி கோடு கோடாகக் காட்டும். அதைக் கழற்றி, கழுவி, உலர்த்தி, மறுபடியும் உண்மை பேச வைப்பது என் பிழைப்பு. எனக்குப் பொறுமை குறைவு, வாய் அதிகம். இதை என் மனைவி உட்பட ஊரே சொல்லும். ஆனால் எடைக்கல்லை வைத்து, எண் சரியாக வருகிறதா என்று ஆளுக்கு நேரே காட்டாமல் ஒரு தராசையும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடம் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி உண்டு. கல்யாணத்துக்கு முன்னால், இரண்டாவது கப்பலில் போனபோது சிங்கப்பூரில் வாங்கியது. கேசட்டை மேலே சொருகி, வயரை டிவியில் மாட்டி ஆடுவது. அவனிடம் இருப்பது ஒரே கேசட். ஒரு குட்டி பிளேன் கடலுக்கு மேலே பறந்துபோய்க் கீழே வரும் கப்பல்களைச் சுடும். கப்பல்காரனுக்குக் கப்பலைச் சுடுவதில் என்ன ஆசையோ தெரியாது, முப்பது வருஷமாக அதையே ஆடினான். எந்தக் கப்பலுக்குப் பின்னால் எது வரும் என்று அவனுக்கு மனப்பாடம். கரையில் இருக்கும் நாட்களில் காலையில் டீ குடித்ததும் உட்காருவான். மதினி மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்வரை ஆடுவான்.

போன வருஷம் தை மாதம் கப்பலை விட்டு இறங்கினான். நாலாம் நாள் எனக்குப் போன்.

"ஏலே, சாமானத்தத் தூக்கிக்கிட்டு வாலே. பிளேன் பாதிதான் வருது."

போய்ப் பார்த்தேன். பிளேனின் இறக்கை ஓரிடத்தில், வால் ஓரிடத்தில். கடல் முழுக்க எழுத்தும் எண்ணும் மிதந்தன. ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் கப்பல் துண்டுகள். கேசட்டைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனேன். தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாம், அப்படி ஒரு வாசனை.

"இதுல என்னத்தப் போட்ட?"

"தேங்காண்ணெய். ஒவ்வொரு தடவ கப்பல் ஏறும்போதும் ஒரு பூசு பூசி வச்சிட்டுத்தான் போவேன்."

"முப்பது வருசமாவா?"

"பின்ன? அதாம்லே துரு பிடிக்கல."

"வெளங்கிரும். நீ ஓடவிட்டது எஞ்சினுண்ணே, இது கரண்டு போற பாதை. எண்ணெயத் தடவுனா எப்படிப் போவும்?"

"போய்க்கிட்டுத்தான இருந்துச்சு?" என்றான்.

எண்ணெயும் தூசியும் உப்பும் சேர்ந்து கேசட்டின் செம்புப் பின்களின் மேல் பிசினாக இறுகியிருந்தது. ஸ்பிரிட்டில் டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் செம்பு மினுங்கும்வரை அழித்தேன். பெட்டிக்குள் இருக்கும் சாக்கெட்டின் பின்களை ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒரு பின் தொடாமல் விட்டாலும் போதும், பெட்டிக்குத் தப்பான சேதி போகும். அது தப்பு என்று பெட்டிக்குத் தெரியாது. வந்ததை வந்தபடி வரைந்துவிடும். மத்தியானத்துக்குள் படம் சரியானது. பிளேன் முழுதாகப் பறந்தது. அண்ணன் என் முதுகில் ஓர் அடி போட்டான். மதினி அன்றைக்கு எனக்காக நண்டு வைத்தாள்.

தவக்காலம் ஆரம்பித்த வாரம் மறுபடியும் கூப்பிட்டான்.

"கோடு வருதுலே. கறுப்பா, முடி மாதிரி. ஓரமா வளைஞ்சு நிக்கி."

போனேன். படம் பளிச்சென்று இருந்தது.

"எங்கன?"

"இந்தா, இங்கன" என்று கண்ணாடியில் விரலை வைத்தான். அப்புறம் விரலை நகர்த்தினான். "இப்ப இங்கன வந்துட்டு."

"கோடு நடக்குமா? ஒனக்குக் கோட்டி பிடிச்சிட்டா?"

அவன் சிரிக்கவில்லை. "உனக்குத் தெரியலையா?" என்றான்.

"இல்லண்ணே."

"சரியாப் பாருலே."

சரியாகத்தான் பார்த்தேன். அதைத்தான் இப்போது நினைத்து நினைத்துச் சாகிறேன். கெட்ட பின் காட்டும் கோடு போட்ட இடத்தில் நிற்கும். பெட்டிக் கோளாறு எதுவும் ஆளின் பார்வை போகிற திசையில் கூடவே நடந்து போகாது. இருபத்தைந்து வருஷம் இதே தொழிலில் கிடக்கிறவனுக்கு அது ஒன்று போதாதா? எனக்குப் போதவில்லை. வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான், ஏஜெண்டு அடுத்த கப்பலுக்குக் கூப்பிடவில்லை, பேச்சுத் துணைக்கு என்னை இழுக்கிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வரவழைத்தான். வயரை மாற்றினேன். என் கடை டிவியைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிக் காட்டினேன். உள்ளே இரண்டு கண்டன்சரைக்கூட மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அதே கேள்வி, அதே பதில். நான் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அவன் முகம் சுண்டிப்போகும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. சரியாகத்தானே ரிப்பேர் பார்த்திருக்கிறேன், பிறகு என்ன?

ஒருநாள் வாசலில் மதினி என்னை நிறுத்தினாள். "தம்பி, மீனுல முள்ளெடுக்கத் தடுமாறுதாவ. நான் கேட்டா வள்ளுனு விழுதாவ. நீங்க ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?"

"வயசாவுதுல்லா மதினி. கண்ணாடிய மாத்தச் சொல்லுங்க" என்று வண்டியை உதைத்தேன். அண்ணனுக்குச் சுகர் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை அவன் எப்படிச் சமாளிப்பான் என்பதும் தெரியும். கப்பல் ஏறுவதற்கு முன் நடக்கும் மெடிக்கலுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து சோற்றைக் குறைத்துப் பாகற்காயாகத் தின்பான். இறங்கிவந்த கப்பல்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான். கண் டெஸ்டுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கிளினிக் சுவரில் தொங்கும் எழுத்துப் போர்டை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்திருந்தார்கள். செபம் சொல்கிற மாதிரி அண்ணன் அதை மேலிருந்து கீழே ஒப்பிப்பான். நானே கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் அது நடந்தது. பெரியதாழையில் நல்ல மீன்பாடு. ஒரு வியாபாரியின் பெரிய தராசு செத்துவிட்டது. மீனைக் கரையில் குவித்து வைத்துக்கொண்டு மனுஷன் எனக்குப் போனுக்கு மேல் போன் போடுகிறார். வண்டியை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அண்ணனும் கூப்பிட்டான். வழிதானே, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஆடவில்லை. திரைக்கு ஒரு சாண் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கடைசியாக் கேக்கேன். இனிமே ஒன்னத் தொந்தரவு பண்ணல. உள்ளதச் சொல்லு. கோடு தெரியுதாலே?"

பாக்கெட்டில் போன் துடிக்கிறது. பங்குனி வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வேர்வை கண்ணில் இறங்குகிறது. படம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"தெரியுதுண்ணே" என்றேன்.

"நெசமா?"

"மாதா சத்தியமாத் தெரியுது. இந்தா ஓரமா வளைஞ்சு நிக்கில்லா. பெட்டி செத்துட்டுண்ணே, வயசாயிட்டு. உள்ள ஐசி போயிருக்கும். நான் எடுத்துட்டுப் போறேன். போதுமா?"

அவன் ஸ்டூலில் அப்படியே தளர்ந்து உட்கார்ந்தான். பிறகு சிரித்தான். கப்பல் இறங்கி வந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"ஏளா, கேட்டியா? தம்பிக்கும் தெரியுதாம்! பெட்டிலதானாம்!"

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பெரியதாழைக்கு விரட்டினேன். தராசைச் சரிசெய்து, எடைக்கல்லை வைத்து, நாலு பேருக்கு முன்னால் இருபது கிலோ இருபதாகவே காட்டுவதை நிரூபித்துவிட்டு வந்தேன். அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். வாய் தவறிப் பேசியது, கோபப்பட்டது எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அது ஒரு பொய்யாகவே என் மனதில் பதியவில்லை.

பெட்டி என் கடைப் பரணில் கிடந்தது. அண்ணன் அதைக் கேட்கவில்லை, கோட்டையும் பேசவில்லை. எனக்கும் நிம்மதி. ஈஸ்டர் கழிந்து ஒருநாள் போனபோது கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சொட்டு கீலில் விழாமல் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன ஆயிலரே, குறி தப்புதே" என்றேன்.

"அந்தக் கோடுலே. கெட்ட படத்தப் பாத்துப் பாத்துக் கண்ணுல ஒட்டிக்கிட்டு. இப்ப வெளிய பாத்தாலும் தெரியுது. கொஞ்ச நாள்ல போயிரும், என்ன?"

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரில் எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய். ஆனால் சத்தியம் பண்ணியதை எப்படித் திருப்பி விழுங்குவது என்று தெரியவில்லை. "போயிரும்ணே" என்றேன். சொல்லிவிட்டு அவன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி நானே கீலுக்கு எண்ணெய் விட்டேன்.

ஆடி மாதம் மாதா கோயிலில் கொடியேறுவதற்கு முந்தின வாரம் ஏஜெண்டு கூப்பிட்டார். பாகற்காய் தின்று, போர்டை ஒப்பித்துப் பார்த்து, புதுச்சட்டை போட்டு மெடிக்கலுக்குப் போனான். அங்கே போர்டைக் கழற்றிவிட்டார்களாம். கம்ப்யூட்டர் திரையில் எழுத்து மாறி மாறி வந்ததாம். அவன் பாட்டுக்குப் பழைய எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை ஒப்பித்திருக்கிறான். முடிக்கும்வரை அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது.

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள். நடுவிலிருந்து கிளம்பி, கறுப்பாக, முடி மாதிரி, ஓரமாக வளைந்து ஒன்று நின்றது. ஐந்து மாதமாக அவன் எனக்குக் காட்டிக்கொண்டிருந்த கோடு. அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன்.

"இது எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"மாசிலயே வந்துட்டும்மா. ஆனா அது டிவி ரிப்பேரு. தம்பிக்கும் தெரிஞ்சுதே" என்று அண்ணன் நான் இருக்கும் பக்கமாகக் கையை நீட்டினான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

"அப்பவே வந்திருந்தா லேசர் வச்சு நிறுத்திப் பார்த்திருக்கலாம்" என்றார். "சுகர் உள்ளே இரத்தத்தைக் கசியவிட்டு, விழித்திரையையே பிச்சு இழுத்திருக்கு. ரெண்டு கண்ணுலயும். ஆபரேஷன் பண்ணுவோம். ஆனா வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிஞ்சாலே பெரிசு."

அண்ணன் அமைதியாகக் கேட்டான். "அப்ப கப்பல்?" என்றான். டாக்டரம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்தேன். கண்ணில் விட்ட மருந்தால் வெளிச்சம் கூசுகிறது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வாகைக்குளம் தாண்டும்வரை நெஞ்சுக்குள் போட்டு உருட்டினேன். முகம் மூடியிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு எனக்குக் கோடு தெரியல. சும்ம சொன்னேன்."

துண்டுக்குள்ளிருந்தே, "ஏம்லே?" என்றான்.

என்ன சொல்ல? காரணம் என்று ஒன்று இருந்தால்தானே சொல்ல? அவன்மேல் பகையா, கோபமா, ஒன்றும் இல்லை. வெயில், போன், அவசரம். ஓர் ஆளின் கண்ணை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அதில் எதுவும் பெரிதில்லை.

"பெரியதாழைல ஒரு தராசு செத்துக் கெடந்துச்சு. மீனக் குமிச்சு வச்சிக்கிட்டுக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அதான்..."

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

"தராசு சரியாச்சா?" என்று கேட்டான்.

"ஆச்சுண்ணே."

"சரி" என்றான். திட்டியிருக்கலாம், நாலு பேர் பார்க்க அறைந்திருக்கலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். டிக்கெட் சரிபார்க்க வந்தவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டரம்மா சொன்ன அளவுக்குத்தான் வந்தது. ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியும். எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. மதினி மீனில் முள் எடுத்துச் சோற்றில் வைத்துக்கொடுக்கிறாள். வேறு வேலைக்கு வழியில்லாத அவன் கைகள் மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டன. தடவித் தடவிக் கீல்களுக்குப் போடுகிறான். என்னிடம் எப்போதும்போலப் பேசுகிறான். வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் நான் செருமிக்கொண்டு நுழைகிறேன்.

ஒருநாள் அவனே கேட்டான். "அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டியாலே?"

"இல்லண்ணே. இருக்கு. நல்லா இருக்கு."

"கொண்டாயேன்."

ஒரு பின் விடாமல் துடைத்துக் கொண்டுபோய் மாட்டினேன். அவன் ஆடினான். கண்ணால் அல்ல. சத்தத்தை வைத்து, முப்பது வருஷ மனப்பாடத்தை வைத்து. சீக்கிரமே பிளேன் விழுந்துவிடும். மறுபடியும் ஆரம்பிப்பான். ஞாயிறு பூசை முடிந்து நான் போய் அருகே உட்காருவேன். எங்கே இடித்தது என்று கேட்பான், சொல்வேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கொண்டிருக்கும்போது சத்தம் இழுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். பிளேனின் வால் தனியாகப் போனது. இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை கோடுகள். அந்த நேரத்தில்தான் எனக்கு வாசனை வந்தது. கேசட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறான்.

"என்னலே, சத்தம் ஒரு மாதிரி வருது?"

"படம் கலைஞ்சிட்டுண்ணே. இடது பக்கம் முழுக்கக் கோடு."

"பெட்டிலயா?"

"பெட்டிலதான்."

கையில் இருந்ததை மடியில் வைத்தான். என் பக்கம் முகத்தைத் திருப்பினான். இந்தத் தடவை அவன் நெசமா என்று கேட்கவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பினான்.

"ஏளா, கொஞ்சம் இங்கன வா. வந்து டிவியப் பாரு. கோடு இருக்கான்னு நீ சொல்லு."

மதினி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்தவள் டிவியைப் பார்க்கவில்லை. என்ன சொல்லட்டும் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காதீங்க மதினி" என்றேன். "டிவியப் பாருங்க."